என் கணவர் விலகவில்லை

அனுப்புநர்:
நகல் கடை நடத்துபவர்
(சர்க்கரை நோய் – இதய நல ஆய்வில் பங்கேற்ற பேருந்து ஓட்டுநரின் மனைவி),
முதல் மாடி, பள்ளிக்கூடத் தெரு.

பெறுநர்:
தலைவர்,
ஆய்வு நெறிமுறைக் குழு,
மருத்துவ ஆராய்ச்சி நிலையம்.

பொருள்: ஆய்வுக் கட்டுரையில் "விருப்பத்தின் பேரில் விலகியவர்கள்" என்று குறிக்கப்பட்டவர்கள் உண்மையில் ஏன் வரவில்லை என விசாரிக்கக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

பிறருக்கு மனு தட்டச்சு செய்து கொடுப்பது என் பிழைப்பு. எனக்காக எழுதுவது இதுவே முதல் தடவை. பிழை இருந்தால் பொறுத்தருள வேண்டுகிறேன். சில நாட்களாகத் தூக்கம் சரியில்லை.

1. என் கணவருக்குச் சர்க்கரை நோய் உண்டு. தங்கள் நிலையத்து மூத்த மருத்துவர் நடத்திய புதிய மாத்திரை ஆய்வில் அவர் சேர்ந்தார். மாதந்தோறும் ரத்தப் பரிசோதனையும் இ.சி.ஜி.யும் எடுத்தார்கள். "என்னையும் ஆராய்ச்சியில சேத்துக்கிட்டாங்க" என்று டிப்போ முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தார். மருத்துவரும் நல்லவர், முகம் பார்த்துப் பேசுவார். அதை மறைத்து எழுத எனக்கு மனம் வரவில்லை.

2. ஒரு பரிசோதனைக்கு முந்தைய நாள் காலை, பல் துலக்கும்போதே அவருக்கு வேர்த்துக் கொட்டியது. நெஞ்சு வலி இல்லை. அசதி என்றுதான் நினைத்தோம். மூச்சு வாங்கத் தொடங்கியதும் பக்கத்திலிருந்த வேறொரு மருத்துவமனைக்கு ஓடினோம். மாரடைப்பு என்றார்கள், சர்க்கரை நோயாளிகளுக்குச் சில சமயம் வலி தெரியாமலே வருமாம். அவருடைய சட்டை, பெல்ட், கைப்பேசி எல்லாவற்றையும் ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு என்னிடம் கொடுத்தார்கள். தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலில் அந்தப் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மறுநாள் பைக்குள்ளே அவர் போன் அடித்து அடித்து ஓய்ந்தது; எடுக்கத் தோன்றவில்லை.

3. அவர் வீடு திரும்பிய பிறகு, அன்று போனில் வந்திருந்த எண்ணுக்குக் கூப்பிட்டேன். தங்கள் ஆய்வுப் பிரிவு. நான் வாய் திறப்பதற்குள், பேசிய பெண், "பரவாயில்லம்மா, மூணு தடவை கூப்பிட்டோம், நீங்க எடுக்கல. பேரை எடுத்தாச்சு, இனிமே வர வேண்டாம்" என்று சொல்லி வைத்துவிட்டார். ஏன் எடுக்கவில்லை என்று கேட்கவில்லை. மனுஷன் பிழைத்தாரே என்ற நிம்மதியில் நானும் விட்டுவிட்டேன்.

4. பிறகு கட்டுரை வெளிவந்தது. தங்கள் வெளிநோயாளிகள் கூடத்தில் மருத்துவரின் கட்டுரைகளை வரிசைப்படுத்தி மாட்டியிருக்கும் பலகையில் அதுதான் முதலில் நிற்கிறது. என் மகள் இணையத்தில் தேடி எடுத்தாள். என் கடையிலேயே அச்செடுத்துப் படித்தோம். மாத்திரை சாப்பிட்டவர்களில் ஒருவருக்கும் மாரடைப்பு வரவில்லை என்கிறது. கடைசிப் பக்க அட்டவணையில், பொடி எழுத்தில், பத்தொன்பது பேர் தங்கள் விருப்பத்தின் பேரில் விலகினர் என்றிருக்கிறது. அவர்களில் ஒருவர் என் கணவர். ஐயா, அவர் விலகவில்லை. மூக்கில் குழாயோடு படுத்திருந்தார். மருத்துவமனை கொடுத்த சான்றின் நகலை இணைத்துள்ளேன்.

5. மாத்திரைமீது நான் பழி போடவில்லை. அந்த அறிவு எனக்கில்லை. சாப்பிடாமல் இருந்தாலும் வந்திருக்கலாம். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று தாங்கள் நினைக்கலாம். அப்படியே இருக்கட்டும். மற்றவர்கள் ஏன் வரவில்லை? வீடு மாறியிருக்கலாம், சலித்துப்போயிருக்கலாம். யாராவது கேட்டார்களா? அந்தக் கட்டுரையை அடிப்படையாக வைத்து மருத்துவர் மேலும் பல எழுதியிருக்கிறார். அவரையே கேட்கலாம் என்று இருமுறை வந்தேன். மாநாட்டுக்குப் போயிருப்பதாகச் சொன்னார்கள்.

6. அவசரம் என் தம்பியால். அவனுக்கும் சர்க்கரை. அவனுடைய மருத்துவர் இதே கட்டுரையைக் காட்டி இதே மாத்திரையை எழுதிக்கொடுத்திருக்கிறார். வெள்ளிக்கிழமை முதல் சாப்பிட வேண்டும். கொஞ்சம் பொறு என்றேன். "அக்கா, அவர் எழுதினது ஒரு பலகை நெறைய இருக்கு. நீ ஜெராக்ஸ் எடுக்கிறவ. நான் யார் சொல்றத கேக்கட்டும்?" என்கிறான். கேலியாகத்தான் சொன்னான். அவன் சாப்பிட்டாலும் பயம், சாப்பிடாமல் சர்க்கரை ஏறினாலும் பயம்.

ஆகவே, விலகியதாகக் குறிக்கப்பட்ட ஒவ்வொருவர் வீட்டுக்கும் பேசி, என்ன நடந்தது என்று கேட்டறியவும், அதுவரை அந்தக் கட்டுரையில் ஒரு குறிப்புச் சேர்க்கவும் ஆவன செய்யுமாறு பணிவுடன் வேண்டுகிறேன். எல்லா வீட்டிலும் "நல்லாத்தான் இருக்காங்க" என்று பதில் வந்தால் இந்த மனுவைத் திரும்பப் பெற்று, மருத்துவரிடம் மன்னிப்பும் கேட்பேன். அப்படித்தான் வர வேண்டும் என்று வேண்டிக்கொண்டிருக்கிறேன்.

முதலில் எங்கள் வீட்டுக்கே கூப்பிடுங்கள். எண் மாறவில்லை. இந்தத் தடவை போன் என் கையில் இருக்கிறது.

இடம்: பள்ளிக்கூடத் தெரு
நாள்: செவ்வாய்க்கிழமை

தங்கள் அழைப்புக்குக் காத்திருக்கும்,
(கையொப்பம்)
ஓட்டுநரின் மனைவி