எஸ்தர் அக்கா தோண்டிய பள்ளம்

எதிர் வீட்டு வாசலில் நின்றே என்னை அதட்டி, அணைத்து, ஆளாக்கிய என் எஸ்தர் அக்காவுக்கு,

நம் நகர் சங்கத்தில் ஆண்டு மலர் போடுகிறார்கள். உன்னைப் பற்றி ஒரு பக்கம் எழுதிக் கொடுக்கச் சொல்லி செயலாளர் முனிரத்தினம் சார் வந்து கேட்டார். 'மறைந்த எஸ்தர் அம்மையார் அவர்கள்' என்று ஆரம்பித்தால் எடுப்பாக இருக்கும் என்றார். நானும் ஆரம்பித்துப் பார்த்தேன். யாரோ முன்பின் தெரியாத மனுஷியைப் பற்றி எழுதுவது போல இருந்தது. உன்னை அம்மையார் என்றால் நீயே விழுந்து விழுந்து சிரிப்பாய். அதனால் உனக்கே எழுதிவிடுகிறேன். அச்சுப் போட்டு ஊரே படிக்கட்டும், எனக்கென்ன?

முதலில் வீட்டுச் சேதி. நீ தூக்கி வளர்த்த என் பெரியவள் இப்போது கண்ணாடி முன்னால் நின்றால் நகர்வதே இல்லை. எங்க வீட்டுக்காரருக்கு ஃபாக்டரியில் இன்னும் ஷிஃப்ட் மாறவில்லை. செவ்வாப்பேட்டை ஸ்டேஷனில் ரயிலை விட்டுவிட்டு வந்து, அந்தக் கோபத்தை என்மேல் காட்டுவதும் மாறவில்லை. உன் வீட்டுக்காரர் தேவராஜ் மாமா நன்றாக இருக்கிறார். நீ போன பிறகு குழம்பு வைக்கப் பழகிக்கொண்டார். உப்புதான் இன்னும் கையில் நிற்கவில்லை.

மாமாவைப் பற்றிச் சொல்லத்தான் இந்தக் கடிதமே. அதற்கு முன்னால் பழைய கதை கொஞ்சம் சொல்ல வேண்டும். தெருவில் புதிதாகக் குடி வந்தவர்கள் படிப்பார்கள் அல்லவா, அவர்களுக்காக.

ஏரிக்குக் கீழே நெல் விளைந்த நிலத்தை மனை போட்டு விற்றார்கள். நாமெல்லாம் கோடையில் வந்து பார்த்து வாங்கினோம். தரை பாறை மாதிரி இருந்தது. ஐப்பசி பிறந்த பிறகுதான் இது தண்ணீர் வந்து படுக்கிற இடம் என்று தெரிந்தது. உடனே தெருமுனை வீட்டுக்காரர் லாரி மண் அடித்துத் தன் மனையை மேடாக்கினார். அவர் வாசல் தண்ணீர் பக்கத்து வீட்டுக்குப் போனது. பக்கத்து வீட்டுக்காரர் அவரைவிட ஒரு சாண் கூடுதலாக ஏற்றினார். அப்புறம் அடுத்தவர். கல்யாணத்துக்கு மாப்பிள்ளை பார்க்கப் போன இடத்தில்கூட, "எங்க ஊடு ரோட்ட வுட இடுப்பு ஒசரம்" என்று பெருமை பேசினார்கள். தெரு மேடாக மேடாக, அத்தனை வீட்டுத் தண்ணீரும் தெருக்கோடியில் இருந்த இரண்டு வீட்டுக்கு வந்து சேர்ந்தது. ஒன்று உன் வீடு. இன்னொன்று எதிரே என் வீடு.

மாமாவும் பொறுத்துப் பார்த்துவிட்டு ஒரு நாள் மண் லாரிக்குச் சொல்லிவிட்டார். லாரி வந்து நின்றதும் நீ அள்ளி முடிந்த கொண்டையோடு வெளியே வந்தாய். "திருப்பு வண்டிய" என்றாய்.

"இன்னா எஸ்தரு, ஊட்டுக்குள்ள தண்ணி வந்துகினு கீது, நீ வண்டிய திருப்புன்ற?" என்றார் மாமா.

"நாம ஏத்துனா தனம் ஊட்ல பூந்துடும். அப்பால அவ ஏத்துவா. அவ ஏத்துனா திரும்ப நாம ஏத்தணும். இப்டியே ஏத்திக்கினு இருந்தா மண்ணு விக்கிறவன்தான் மாடி ஊடு கட்டுவான்."

லாரி டிரைவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. எனக்கு அழுகைதான் வந்தது. அன்றைக்கு என் இடுப்பில் கைக்குழந்தை. வீட்டுக்குள் தூளிக்கு அடியில் தண்ணீர் நின்றது. அந்த ஒரு வண்டி மண் உன் வாசலில் விழுந்திருந்தால் நாங்கள் மனையை வந்த விலைக்குத் தள்ளிவிட்டு, பழவேற்காட்டில் என் பிறந்த வீட்டுக்கே போயிருப்போம்.

மேடு ஏற்றுகிற தெம்பில் எல்லோருமாக ஒரு பள்ளம் தோண்டினால் என்ன என்று நீதான் கேட்டாய். பூங்காவுக்கென்று விட்டிருந்த தெருக்கோடி மனை சும்மாதான் கிடந்தது. அங்கே தண்ணீர் போக ஒவ்வொரு வீட்டு மதிலின் அடியிலும் ஓர் ஓட்டை விடச் சொன்னாய். அதுதான் பெரிய ரகளையானது.

"ஓட்ட வுட்டா பாம்பு வந்துடும்மா" என்றார் முனிரத்தினம் சார்.

"வர்ற பாம்பு உங்க கேட்டு வழியாவே வரும் சார், அதுக்கு இன்னா மரியாத கொறைச்சலா?" என்றாய் நீ. ஆனாலும் மறுநாளே கோழிக்கூண்டுக் கம்பி வலை வாங்கிவந்து உன் மதில் ஓட்டையில் வைத்து அடித்துக் காட்டினாய். பயத்தைக் கிண்டல் செய்தாலும் அதற்கு வழியும் பண்ணிக் கொடுப்பாய், அது உன் குணம்.

ஆடியில் அம்மனுக்குக் கூழ் ஊற்றும் நாளில்தான் இந்தத் தெரு ஒன்றாக நிற்கும் என்பது உனக்குத் தெரியும். ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவள் நீ, கூழ்ப் பானைக்குப் பக்கத்தில் மம்பட்டியோடு வந்து நின்றாய். "குடிச்சவங்கல்லாம் ஆளுக்கு ஒரு கூடை மண்ணு தூக்கிட்டுப் போங்க" என்றாய். வாயில் கூழ் இருக்கும்போது யார் மறுத்துப் பேச முடியும்? வீடு கட்டி மிஞ்சின உடைசல் செங்கல்லை எல்லாம் அடியில் கொட்டி, மேலே மணல் பரப்பினோம். ஓரத்தில் வெட்டிவேரும் கோரையும் கல்வாழையும் வைத்தோம். கரையில் வீட்டுக்கு ஒரு மரம், பூவரசோ புங்கமோ அவரவர் இஷ்டம். தெரு ஓரக் கால்வாயில் அருகம்புல் தானாகவே பிடித்துக்கொண்டது. அன்றிலிருந்து ஒவ்வொரு ஆடியிலும் கூழ் குடித்த கையோடு பள்ளத்தைத் தூர் வாருவது நம் தெரு வழக்கமாகிவிட்டது. வேறெந்த ஊரிலாவது அம்மனுக்குக் கூழ் ஊற்றிவிட்டுச் சேறு அள்ளுகிறார்களா?

அடுத்த மழைக்கு உன் வீட்டிலும் என் வீட்டிலும் தண்ணீர் ஏறவில்லை. தெருத் தண்ணீர் முழுக்கப் பள்ளத்தில் போய் நின்றது. கொஞ்ச நாளில் மண் அதைக் குடித்துவிட்டது. கிணற்றில் கோடையிலும் வாளி முங்கியது. தும்பி பிடிக்கப் பிள்ளைகள் எந்நேரமும் அங்கேயே கிடந்தார்கள். 'எஸ்தர் பள்ளம்' என்று யார் பேர் வைத்தார்கள் என்றே தெரியவில்லை.

இந்தப் பங்குனியில் நீ போய்விட்டாய். காய்ச்சல் என்று படுத்தவள் எழுந்திருக்கவில்லை. உன் சமையலறை ஜன்னல் என் வாசலுக்கு நேராக இருக்கிறது அக்கா. இன்னமும் காலையில் அந்தப் பக்கம் பார்த்துவிட்டுத்தான் கோலம் போடுகிறேன். பழக்கம் விடமாட்டேன் என்கிறது.

ஆடி வந்தது. கூழ் ஊற்றினோம். மம்பட்டியை யாரும் எடுக்கவில்லை. அதற்குப் பதிலாக சங்கத்தில் ஒரு தீர்மானம் போட்டார்கள். பள்ளத்தை மூடி, அங்கே உன் பேரில் ஒரு படிப்பகம் கட்டுவது. பேப்பர், ரேடியோ, நாலு பெஞ்சு. முகப்பில் 'எஸ்தர் நினைவுப் படிப்பகம்' என்று கல்வெட்டு.

"தண்ணிதான் இப்பல்லாம் வர்றதில்லியே, அந்தப் பள்ளம் எதுக்கு?" என்றார் முனிரத்தினம் சார். கெட்ட எண்ணமே கிடையாது அவருக்கு. தண்ணீர் ஏன் வருவதில்லை என்பதுதான் மறந்துபோயிற்று. அவருக்கு மட்டுமா? தெருவுக்கே மறந்துவிட்டது.

மாமாவின் முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும். நீ போன பிறகு அன்றைக்குத்தான் இஸ்திரி போட்ட சட்டை மாட்டினார். திருவள்ளூருக்குப் போய் உன் பேரை வெட்டவைத்துக் கல்லையும் கொண்டுவந்துவிட்டார். கூடத்தில் சாய்த்து வைத்து, துண்டால் துடைத்துத் துடைத்து எனக்குக் காட்டினார். அந்த மனுஷரிடம் போய் நான் என்ன சொல்வேன்?

ஆனாலும் கூட்டத்தில் எழுந்து சொல்லிவிட்டேன். எனக்கு மெதுவாகப் பேச வராது, உனக்குத்தான் தெரியுமே. "அக்கா பேர வைக்கணும்னா வைங்க. அக்கா தோண்டுனத மூடிட்டு அது மேல அக்கா பேர வைக்காதீங்க" என்று கத்தினேன். நாலு பேர் என்னை உட்காரச் சொன்னார்கள். மாமா திரும்பி என்னைப் பார்த்தார்.

"அவ பேரு நாலு பேரு கண்ணுல படுறது உனுக்குப் புடிக்கலியா தனம்?"

அவ்வளவுதான் கேட்டார். அதன் பிறகு என்னிடம் பேசவில்லை. குழம்புக் கிண்ணம் கொடுத்தனுப்பினால் அப்படியே திரும்பி வந்தது. அந்த நாட்களில் உன்னிடம்தான் கேட்டுக்கொண்டிருந்தேன். நீ இருந்தால் யார் பக்கம் நின்றிருப்பாய்? உன்னைக் கட்டினவரின் ஆசையா, நீ தோண்டின பள்ளமா?

ஐப்பசித் தொடக்கத்தில் மண் லாரி வந்துவிட்டது. தெருக் கால்வாய் பள்ளத்தில் இறங்குகிற வாயிலேயே லாரிக்காரன் முதல் வண்டி மண்ணைக் கொட்டிவிட்டுப் போனான். மறுநாள் மீதி வண்டிகள் வருவதாகப் பேச்சு. மறுநாள் மழைதான் வந்தது.

விடிந்ததிலிருந்து விடாமல் கொட்டியது. மதில் ஓட்டைகள் வழியாக எல்லா வீட்டுத் தண்ணீரும் எப்போதும் போலத் தெருக்கோடிக்கு வந்தது. வந்து, மண் குவியலில் முட்டித் திரும்பியது. திரும்பினால் எங்கே போகும்? தாழ்வாகக் கிடக்கிற நம் இரண்டு வீட்டுக்கும்தான், முதலில் உன் வீட்டுக்கு. என் ஜன்னலிலிருந்து பார்க்கிறேன், மாமா உன் மரப்பெட்டியைத் தூக்கிக் கட்டில்மேல் வைக்கப் பார்த்துக்கொண்டிருக்கிறார். வயசான மனுஷர், ஒற்றை ஆளாக.

உன் வீட்டுக்குள் போய்ப் பெட்டிக்கு ஒரு கை கொடுத்தேன். பிறகு மம்பட்டியை எடுத்துக்கொண்டு நேரே குவியலுக்குப் போய் வெட்டினேன். நனைந்த மண், இரும்பாகக் கனத்தது. கொஞ்ச நேரத்தில் பக்கத்தில் இன்னொரு மம்பட்டிச் சத்தம். திரும்பிப் பார்த்தால் மாமா. தலையில் கோணிப் பையைக் கவிழ்த்துக்கொண்டு வெட்டுகிறார். கண்ணில் வழிவது மழையா இல்லையா என்று நான் பார்க்கவில்லை.

"மாமா, நீங்க போங்க, சளி புடிக்கும்" என்றேன்.

"கம்முனு வெட்டு தனம்" என்றார். அத்தனை நாள் கழித்து வந்த முதல் வார்த்தை. எனக்கு அது போதும் என்றிருந்தது.

சத்தம் கேட்டு எங்க வீட்டுக்காரர் வந்தார். அப்புறம் ஒவ்வொருவராக வந்தார்கள். முனிரத்தினம் சார் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கூடை தூக்கினார். பேஜாரு, பேஜாரு என்று புலம்பிக்கொண்டேதான் தூக்கினார், ஆனால் தூக்கினார். குவியல் ஒரு பக்கம் உடைந்ததும் தண்ணீர் பெருமூச்சு விட்ட மாதிரி உள்ளே இறங்கியது. உன் வீட்டுக்குள் நின்ற தண்ணீரும் மெல்லப் பின்வாங்கியது.

அந்த வேகத்தில் பள்ளத்தின் வாய் அரித்து, கரை சரிய ஆரம்பித்தது. கல் வேண்டும் என்று ஆளுக்கு ஆள் கத்தினோம். மாமா தன் வீட்டைப் பார்த்தார். "அந்தக் கல்ல எடுத்துகினு வாங்க" என்றார்.

"அதுல அக்கா பேரு கீது மாமா" என்றேன்.

"தெரியும். எடுத்துகினு வாங்க."

எங்க வீட்டுக்காரரும் முனிரத்தினம் சாரும் தூக்கிவந்தார்கள். தண்ணீர் விழுகிற இடத்தில் சரிவாகப் படுக்க வைத்தோம். எழுத்து அடியில் போகும்படி வைக்கலாம் என்றார் முனிரத்தினம் சார். மாமா தலையாட்டி மறுத்தார். எழுத்து மேலேதான் இருக்க வேண்டும் என்றார். "இங்க யாரும் கால் வைக்க மாட்டாங்க. தண்ணிதான் வரும்" என்றார். சொல்லிவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டார்.

படிப்பகம் இப்போது முனிரத்தினம் சார் வீட்டு முன் அறையில் நடக்கிறது. தெருவிலேயே உயரமான வீடு, பேப்பர் நனையாது என்று நான்தான் யோசனை சொன்னேன். அவரும் சிரித்துவிட்டார். மீதி மண்ணை ஸ்டேஷன் போகிற பாதைக் குழிகளில் கொட்டிவிட்டோம்.

மழை இன்னும் முடியவில்லை. நேற்றும் பெய்தது. வெறித்ததும் மாமா குடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு பள்ளத்துக்குக் கிளம்பினார். நானும் போனேன். தெருத் தண்ணீர் எல்லாம் உன் பேர்மேல் ஏறி உள்ளே இறங்கிக்கொண்டிருந்தது. எழுத்துக் குழியில் வண்டல் படிந்திருந்தது. மாமா உட்கார்ந்து துடைப்பக் குச்சியால் ஒவ்வொரு எழுத்தாக நோண்டிச் சுத்தம் செய்தார். முடித்ததும், நம் வீட்டு மதில் ஓட்டையில் சருகு அடைத்திருக்கிறது, அதையும் எடுத்துவிட வேண்டும் என்றார். நம் வீடு என்று அவர் சொன்னது என் வீட்டை.

வருகிற ஆடியில் கூழ்ப் பானைக்குப் பக்கத்தில் மம்பட்டியோடு நான் நிற்பேன். உன் மாதிரி நயமாகப் பேச வராது, திட்டித்தான் இறக்குவேன், ஆனால் ஒருத்தரையும் விட மாட்டேன். மாமா சாப்பாட்டுக்கு உப்பு நான் பார்த்துக்கொள்கிறேன். உன் வீட்டுக்குள் இனி ஒரு சொட்டுத் தண்ணீர் ஏற விட மாட்டேன் அக்கா, நீ என் வீட்டுக்குள் ஏற விடாத மாதிரி.

நீ லாரியைத் திருப்பியதால் இந்தத் தெருவிலேயே தங்கிவிட்ட,
உன் எதிர் வீட்டுத் தங்கச்சி,
தனம்