ஒரு காசோடு முடிந்தது என்றார்கள்

மார்ச் 4, செவ்வாய்
காலையிலேயே மின்சாரம் போய்விட்டது. பள்ளிச் சீருடைகளுக்குக் கையாலேயே பட்டன் தைத்தேன். என் வீட்டுக்காரர் ஓனியாஸ் லாரியோடு எல்லையில் இருக்கிற பெய்ட்பிரிட்ஜ் பக்கம் போனவர், ஃபோனை எடுப்பதில்லை. அங்கே சிக்னல் இருக்காது என்று ஹைஸ்கூல் போகும் மகள் விம்பிசோவிடம் சொன்னேன். நானே நம்பவில்லை.

மார்ச் 8, சனி


ஓனியாஸின் அக்கா மாவிஸ் வந்தார். நாத்தனாரை டெட்டே என்றுதான் கூப்பிடுவோம். வழக்கப்படி முட்டிபோட்டு, கைதட்டி வரவேற்றேன். தேநீர் வைத்தேன், ரொட்டிக்கு மார்ஜரின் தடவிக் கொடுத்தேன். கையை நீட்டச் சொன்னார். பெரியவர்கள் எதைக் கொடுத்தாலும் இரண்டு கையையும் குவித்துத்தானே வாங்குவோம்? அப்படியே நீட்டினேன். ஒரு காசை வைத்தார்.

"தம்பி குடுத்தனுப்பினான். குபுரோ."

புருஷன் பெண்டாட்டியைத் தள்ளிவைக்கும் காசு. வாங்கிவிட்டால் எல்லாம் முடிந்தது. நான் வாங்கிவிட்டேன். இரண்டு கையாலும்.

"நான் என்ன செஞ்சேன் டெட்டே?"

"நீ ஒண்ணும் செய்யல. அவன் சிவி ஊர்ல ஷைலெட்டுன்னு ஒருத்திக்கு மாடு குடுத்துப் பரிசம் போட்டுட்டான். வயித்துல புள்ள. மாசக் கடைசிக்குள்ள வீட்டக் காலி பண்ணிடும்மா."

மிச்ச ரொட்டியையும் தின்றுவிட்டுத்தான் எழுந்தார்.

மார்ச் 9
சர்ச்சுக்குப் போகவில்லை. சமைத்தேனா என்றுகூட நினைவில்லை.

மார்ச் 12, புதன்
அண்ணன் ஜோஸ்ஃபாத் பிக்கப்பைக் கொண்டுவந்தான். அவர்களோடு சண்டை போட வந்திருக்கிறான் என்று நினைத்தேன். சாமான் ஏற்ற வந்திருக்கிறான்.

"கைநீட்டி வாங்கிட்டியே. இனி எந்த முகத்த வச்சிக்கிட்டுப் பேசுறது?"

"இந்த வீட்டுக்குச் செங்கல் வாங்கினது என் தையல் காசுலண்ணே."

"வீடு அவன் பேர்ல இருக்கு. உனக்குத் தையல் மெஷின், பானை சட்டி. வழக்கம் அதான்."

என் கூடப்பிறந்தவன் பேசுகிற பேச்சா இது? போடா என்று அனுப்பிவிட்டேன். எந்த தைரியத்தில் அனுப்பினேன்? தெரியவில்லை. புகுந்த வீடு, பிறந்த வீடு இரண்டு பக்கமும் கெட்டுப்போச்சு.

மார்ச் 18, செவ்வாய்
சீருடை வாங்க வந்த டீச்சர் பெண்களுக்கான சட்ட உதவி அலுவலகத்தைப் பற்றிச் சொன்னார். போனேன். வக்கீல் எடினாவுக்கு என் வயதுதான் இருக்கும். அந்தக் குபுரோ காசை மேசையில் வைத்தேன். அவர் அதைப் பார்க்கவே இல்லை.

"கல்யாணம் எப்படி நடந்துச்சு?"

"பரிசம் போட்டாங்க. அப்புறம் சர்ச்சுல மோதிரம் மாத்தினோம்."

"பாஸ்டர் பதிவேட்டுல கையெழுத்து வாங்கினாரா?"

"வாங்கினாரு."

"அப்ப இன்னைக்கும் நீங்கதான் சட்டப்படி மனைவி. அந்தக் கல்யாணத்த உயர் நீதிமன்றம்தான் முடிக்கணும். இந்தக் காசால ஒண்ணும் ஆகாது. நீங்க வாங்கினாலும் சரி, வாங்கி முழுங்கினாலும் சரி."

வீடு அவர் பேரில் இருக்கிறதே என்றேன்.

"இருக்கட்டும். உங்க பங்கையும் கோர்ட் பாக்கும். தைச்சுச் சம்பாதிச்சது மட்டுமில்ல, சமைச்சது, புள்ளைய வளர்த்தது எல்லாமே கணக்குல வரும். எவ்வளவு கிடைக்கும்னு நான் வாக்குக் குடுக்க முடியாது. வீட்ட விட்டு மட்டும் வெளிய போயிடாதீங்க."

சமைத்ததா? கேலி செய்கிறாரோ என்று முகத்தைப் பார்த்தேன். இல்லை. இத்தனை வருடமாக நான் கிண்டிய சட்ஸாக் களிக்கு நீதிபதி மதிப்புப் போடுவாரா? தெருவில் நின்று பைத்தியம் மாதிரி சிரித்தேன். கோபம் அப்புறம்தான் வந்தது. பதிவேட்டை நீட்டிய பாஸ்டர் இந்தக் கையெழுத்துக்கு இதுதான் அர்த்தம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?

மார்ச் 31, திங்கள்
வந்தான். ஓனியாஸுக்கு இனி என்ன மரியாதை.

"இன்னும் கிளம்பலியா?"

"கோர்ட் சொல்லட்டும், கிளம்புறேன்."

"என்ன கோர்ட்டு? காசு வாங்கினல்ல நீ?"

எடினா சொன்னதைச் சொன்னேன். கதவைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டான். அவனுக்கும் தெரியவில்லை! என்னை ஏமாற்றப் பார்க்கிறான் என்று இத்தனை நாள் கரித்துக்கொட்டினேன். நிஜமாகவே முடிந்துவிட்டது என்று நம்பியிருக்கிறான், மடையன்.

ஏப்ரல் 15
விவாகரத்து மனுவை நானே போட்டேன். "புருஷன கோர்ட்டுக்கு இழுக்கிற பொம்பளைய இந்த வீட்டுல நாங்க பாத்ததில்ல" என்று டெட்டே ஃபோனில் கத்தினார். பாருங்க டெட்டே, நல்லாப் பாருங்க.

அக்டோபர் 14
வீட்டில் பாதி எனக்கு. விம்பிசோ படிப்பு முடிகிறவரை யாரும் எங்களை வெளியேற்ற முடியாது. தீர்ப்பைக் கேட்டும் உட்கார்ந்த இடத்தைவிட்டு எழுந்திருக்கத் தோன்றவில்லை. எடினாதான் தோளைத் தட்டி எழுப்பினார்.

அக்டோபர் 25, சனி
முதுகில் குழந்தையைக் கட்டிக்கொண்டு ஒரு பெண் வாசலில் முட்டிபோட்டு உட்கார்ந்திருந்தாள். ஷைலெட். விம்பிசோவைவிடக் கொஞ்சம்தான் பெரியவள். வாயில் வந்ததையெல்லாம் சொல்லித் திட்டினேன். திட்டி முடித்ததும் நிமிர்ந்து பார்த்தாள்.

"எனக்குப் பரிசம் மட்டும்தான்க்கா. எங்கயும் கையெழுத்துப் போடல. இப்பதான் விவாகரத்து ஆயிடுச்சே, பதிவு பண்ணிக்கலாம்னு கேட்டேன்."

"என்ன சொன்னான்?"

"ஒரு தடவ கையெழுத்துப் போட்டு பாதி வீடு போனது போதும்ங்கிறாரு."

என் வழக்கிலிருந்து அவன் கற்றுக்கொண்டது இதுதானா?

"அப்ப நான் அவருக்கு யாரு அக்கா?" என்றாள்.

பதிவில்லாதவர்களுக்கும் ஏதோ வழி இருக்கிறது, ஆனால் ரொம்பக் கஷ்டம் என்று எடினா ஒருமுறை சொன்னார். திங்கட்கிழமை போய்க் கேள் என்றேன். இடம் தெரியாது என்றாள். சரி, நானே கூட்டிப்போகிறேன் என்று சொல்லிவிட்டேன். அந்த வார்த்தை என் வாயிலிருந்து எப்படி வந்தது?