நான் வழிமொழியாத பெயர்

அக்கா,

இன்று காலை எங்கள் பாடசாலைக் கிணற்றுக்குக் குளோரின் போட்டார்கள். சுகாதாரப் பரிசோதகர் வாளியில் தூளைக் கரைத்து ஊற்றினார். ஒரு மணித்தியாலத்துக்கு ஒருவரும் தண்ணீர் அள்ளக் கூடாது என்று சொல்லிவிட்டுச் சைக்கிளில் ஏறிப் போய்விட்டார். நான் மூன்றாம் வகுப்புக்குக் கழித்தல் கணக்குச் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். மணம் யன்னலால் வந்தது. கையிலிருந்த சோக்கை வைத்துவிட்டு வெளியே பார்த்தேன். நீங்கள் அங்கே நின்றிருந்தால் அந்த மனிதரை அவ்வளவு லேசில் போக விட்டிருக்க மாட்டீர்கள். "கிணறு எத்தினை அடி, தூள் எவ்வளவு, அளந்தோ போட்டனீங்கள்?" என்று கேட்டுவிட்டுத்தான் சைக்கிளில் ஏற விட்டிருப்பீர்கள்.

தொண்ணூறாம் ஆண்டு ஷெல்லுக்கு ஓடி வந்து, வட்டுக்கோட்டைக்கு அங்கால் அந்தப் பள்ளிக்கூடத்தில் நாங்கள் எல்லாரும் பாய் விரித்தபோது உங்களை எனக்குத் தெரியாது. நிவாரண அட்டை பதிய நின்ற வரிசையில் எனக்குப் பின்னால் நின்றீர்கள். கிராம அலுவலரான விதானையார் மேசையில் இருந்து பெயர்களை எழுதிக்கொண்டிருந்தார். எங்கள் முறை வந்தது.

"குடும்பத் தலைவர் ஆர்?"

அம்மா ஐயாவின் பெயரைச் சொன்னார். ஐயா செத்து அப்போது இரண்டு வருடம். செத்தவரின் பெயரைச் சொல்கிறோம் என்று அம்மாவுக்குத் தோன்றவில்லை. பக்கத்தில் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு நின்ற எனக்கும் தோன்றவில்லை. அம்மாவுக்குக் கண் தெரியாது. எனக்கு இரண்டு கண்ணும் இருந்தன. தலைவர் என்று ஒருவர் கேட்டால் வீட்டு ஆம்பிளையின் பெயரைச் சொல்ல வேண்டும் என்பதுதான் எங்கள் இரண்டு பேருக்கும் தெரிந்தது.

நீங்கள் பின்னால் நின்று கதைத்தீர்கள். "செத்த மனிசன் கோதுமை மா வாங்க வருவாரே விதானையார்? பெட்டையின்ரை பேரை எழுதுங்கோ. அவள்தானே ஓடித் திரியிறாள்."

"கலியாணம் கட்டாத பிள்ளை எல்லே?"

"கட்டின நான் மட்டும் என்னத்தைக் கண்டன்? என்ரை அட்டையிலை ஜேர்மனியிலை இருக்கிற மனிசன்ரை பேர் கிடக்குது. அந்தாள் கடிதம் போட்டே ஒண்டரை வருசம். அங்கை இருந்து வந்து வரிசையிலை நிக்கட்டும் பாப்பம்."

வரிசை முழுக்கச் சிரித்தது. விதானையாரும் சிரித்துவிட்டு என் பெயரை எழுதினார். அந்த முகாமில் தன் பெயரில் அட்டை வைத்திருந்த இளம் பெண் நான் ஒருத்திதான். அது எனக்குக் கிடைத்தது உங்களால்.

அதற்குப் பிறகு ஏழு மாதம் முகாமை நடத்தியது நீங்கள். இதை ஒருவரும் மறுக்க மாட்டார்கள், வெளியே சொல்லவும் மாட்டார்கள். கிணற்றடியில் ஆருக்கு எப்போது முறை என்று பிரித்தது நீங்கள். மா மூட்டை வந்தால் கைக்குழந்தை உள்ள குடும்பத்துக்கு முதலில் என்று சண்டை பிடித்தது நீங்கள். வயிற்றோட்டம் வந்த கிழமை கிணற்றுக்கு ஒழுங்காகக் குளோரின் போட வைத்ததும் நீங்கள்தான். சந்தையில் பதினைந்து வருடம் மரக்கறி விற்ற குரல் உங்களுக்கு. மைதானத்தின் இந்தத் தொங்கலில் நின்று கூப்பிட்டால் அந்தத் தொங்கலில் விளையாடுகிற பிள்ளைகள் ஓடி வருவார்கள். "சந்தைக்காரி கத்துறாள்" என்று ஆண்கள் சொன்னார்கள். கத்திய பிறகு வேலை நடந்தது. வேலை நடப்பதில் அவர்களுக்கு ஒரு குறையும் இருக்கவில்லை.

நூற்றுக்கு மேற்பட்ட குடும்பங்களுக்கு அந்தப் பள்ளிக்கூடத்தில் இரண்டு கக்கூஸ். பகலில் அவை ஆண்களுக்கு. நாங்கள் விடிய முன்னம் பனங்கூடலுக்குப் போனோம், அல்லது பொழுதுபடும் வரை அடக்கிக்கொண்டு இருந்தோம். பகலில் தண்ணீர் குடிக்காமல் இருக்கப் பெண் பிள்ளைகள் பழகியிருந்தார்கள். இதை எழுத இப்போதும் எனக்குக் கோபம் வருகிறது. அன்று எனக்கு வந்தது கோபம்கூட இல்லை, வெட்கம்.

பிறகு ஒரு நிவாரண அமைப்பு சீமெந்தும் தகரமும் தர வந்தது. முகாமுக்கு ஒரு தலைவர் வேண்டும், அவர் கையெழுத்து வைக்க வேண்டும் என்றார்கள். அந்தப் பொருளில் என்ன கட்டுவது என்பது தலைவர் சொல்வதுதான். நீங்கள் பெண்களுக்கு ஒரு வரிசைக் கக்கூஸ் என்று கொப்பித் தாளில் படமே கீறி வைத்திருந்தீர்கள். போஸ்ட்மாஸ்டர் ஐயா முகாமுக்கு முதலில் ஒரு கந்தோர் வேண்டும் என்றார். அவர் கெட்ட மனிதர் இல்லை. ஓய்வெடுத்த தபாலதிபர், வெள்ளை வேட்டி, ஒரு இறாத்தல் மா அதிகமாக எடுத்ததில்லை. ஒரு மேசையும் கதிரையும் இல்லாவிட்டால் நிர்வாகமே இல்லை என்று உண்மையாகவே நம்பினார்.

தலைவரைத் தெரிவு செய்யும் கூட்டத்துக்கு மூன்று நாள் முன்னம் அவர் எங்கள் பாயடிக்கு வந்தார். "பிள்ளை, நீ ஏ.எல். பாஸ் எல்லே? கல்விக் கந்தோரிலை எனக்குத் தெரிஞ்ச ஆள் இருக்கிறார். தொண்டர் ஆசிரியருக்கு எடுக்கினம். நான் ஒரு கடிதம் எழுதித் தாறன்." அம்மா அவர் இருந்த திசையைப் பார்த்துக் கும்பிட்டார். கூட்டத்தைப் பற்றி அவர் ஒரு சொல்லும் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இருக்கவில்லை.

கூட்டம் மண்டபத்தில். அட்டையில் பெயர் உள்ளவர்கள் உள்ளே வாங்குகளில், மற்றவர்கள் விறாந்தையில். அதனால் ஆண்கள் உள்ளே, பெண்கள் வெளியே. விதவைகளின் அட்டைகளை அவர்களின் மகன்மார் கொண்டு வந்திருந்தார்கள். நீங்கள் யன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு வெளியே நின்றீர்கள். நான் உள்ளே, கடைசி வாங்கில். அம்மாவை விட்டுவிட்டு வர ஏலாது என்று அவரையும் பக்கத்தில் இருத்தியிருந்தேன்.

போஸ்ட்மாஸ்டர் ஐயாவின் பெயரை ஒருவர் முன்மொழிய, ஐந்தாறு பேர் ஒன்றாக வழிமொழிந்தார்கள். "வேறை ஆரும்?" என்று விதானையார் கேட்டார். அப்போதுதான் வண்டில்காரச் சின்னத்தம்பி அப்பு தடியை ஊன்றி எழும்பி உங்கள் பெயரைச் சொன்னார்.

மண்டபம் சிரித்தது. "அப்பு, மாதர் சங்கம் அடுத்த கிழமை" என்றார் ஒருவர்.

"நான் பகிடி விடேல்லை," என்றார் அப்பு. "ஏழு மாசமா உவள்தானே பாக்கிறாள். நீங்கள் ஆர் பாத்தனீங்கள்?"

"அட்டையிலை பேர் இல்லாத ஆள் எப்பிடித் தலைவர்?"

விதானையார் கையைக் காட்டி நிற்பாட்டினார். நியாயமாகத்தான் சொன்னார். முகாமில் இருக்கிற ஆரும் தலைவராகலாம். முன்மொழிகிறவருக்கும் வழிமொழிகிறவருக்கும் அட்டை இருந்தால் போதும். வழிமொழிந்தால் வாக்கெடுப்பு வைப்பார். "வழிமொழியிற ஆள் ஆர்?"

ஒருவரும் எழும்பவில்லை. விறாந்தையில் நின்ற பெண்கள் எல்லாரும் என்னைத்தான் பார்த்தார்கள். அவர்கள் பார்த்ததால் ஆண்களும் திரும்பிப் பார்த்தார்கள். நீங்கள் மட்டும் பார்க்கவில்லை. யன்னல் கம்பியில் ஒட்டியிருந்த சுண்ணாம்பை நகத்தால் சுரண்டிக்கொண்டு நின்றீர்கள். என்னை நெருக்கக் கூடாது என்று நினைத்தீர்கள். அது எனக்கு அப்போதே விளங்கியது.

அம்மா என் தொடையில் கையை வைத்தார். அழுத்தவில்லை, வைத்தார். அம்மா தடுத்தார் என்று இவ்வளவு காலம் எனக்கு நானே சொல்லி வந்தேன். அது பொய். கண் தெரியாத மனுசி, சத்தம் நின்றதும் நான் பக்கத்தில் இருக்கிறேனா என்று பார்த்தார், அவ்வளவுதான். எழும்பாமல் இருந்தது நான். எனக்கு அந்தக் கடிதம் வேண்டும். பாயில் இருந்து எழும்பிப் போக எனக்கு ஒரு வேலை வேண்டும்.

"சரி, வழிமொழிய ஆளில்லை," என்றார் விதானையார்.

அடுத்த நாள் கிணற்றடியில் நான் குடத்தைத் தூக்க, நீங்கள் கயிற்றைச் சுற்றிக்கொண்டு கேட்டீர்கள். "கால் எப்பிடி இருக்கு? நேற்று எழும்பேலாமல் கிடந்தது. எண்ணெய் போட்டனியோ?"

சுற்றி நின்ற பெண்கள் சிரித்தார்கள். எனக்கு அழுகை வந்தது. "எடி, அழாதை. குடம் நிரம்பீட்டுது, தூக்கு," என்றீர்கள். அதற்குப் பிறகு அந்தக் கதையை நீங்கள் எடுக்கவேயில்லை. எடுத்து ஏசியிருக்கலாம் அக்கா. எனக்கு லேசாக இருந்திருக்கும்.

கந்தோர் கட்டினார்கள். மேசை, கதிரை, பெயர்ப் பலகை. மிச்சத் தகரம் மழைக்கு உதவும் என்று அடுக்கிக் கிடந்தது. நான்கு மாதம் நாங்கள் பனங்கூடலுக்குத்தான் போனோம். பிறகு ஒரு சனிக்கிழமை நீங்கள் மண்வெட்டியோடு பின் வளவுக்குப் போய்த் தனியக் கிடங்கு வெட்டத் தொடங்கினீர்கள். ஆரையும் கூப்பிடவில்லை. மத்தியானத்துக்குள் பன்னிரண்டு பெண்கள் நின்றோம். "கிணறோ வெட்டுறியள்?" என்று மதிலில் இருந்த ஆண்கள் கேட்டார்கள். "உங்களைப் புதைக்கத்தான்," என்றீர்கள். கிடுகும் சாக்கும் கட்டி ஆறு கக்கூஸ். அடுக்கிக் கிடந்த தகரத்தில் எட்டை நீங்கள் கேட்காமலே எடுத்தீர்கள். போஸ்ட்மாஸ்டர் ஐயா ஒன்றும் சொல்லவில்லை. அமைப்புக்காரர் வந்தபோது நாடா வெட்டித் திறந்து வைத்தவர் அவர்தான். கக்கூசுக்கு நாடா வெட்டியதை நீங்கள் சொல்லிச் சொல்லிச் சிரித்தீர்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

உங்களுக்குத் தொய்வு இருந்தது. மழைக்கு மூச்சு இழுக்கும். அந்த மாரியில் மருந்து எங்கும் இல்லை. மண்ணெண்ணெயில் ஓடிய ஒரு காரில் உங்களை ஆஸ்பத்திரிக்கு ஏற்றிக்கொண்டு போனார்கள். பாதி வழியில் எல்லாம் முடிந்துவிட்டது. நாற்பது வயது.

உங்களைக் கந்தோருக்கு முன்னால் கிடத்தியிருந்தபோது போஸ்ட்மாஸ்டர் ஐயா பேசினார். அழுதுகொண்டே பேசினார். பொய் அழுகை இல்லை. "இந்த முகாமுக்கே அவ ஒரு தாய்," என்றார். எல்லாரும் தலையாட்டினார்கள். நான் ஒரு மூலையில் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். உயிரோடு இருக்கும்போது தலைவர் என்று சொல்ல வாய் வராதவர்களுக்குச் செத்த பிறகு தாய் என்று சொல்ல எவ்வளவு லேசாக வருகிறது. தாய்க்குக் கையெழுத்து வைக்கும் உரிமை கொடுக்கத் தேவையில்லை. தாய்க்கு வழிமொழியவும் ஆள் தேவையில்லை. பிறகு ஆண்கள் உங்களைச் சுடலைக்குக் கொண்டு போனார்கள். உங்களோடு கிடங்கு வெட்டிய பன்னிரண்டு பேரும் முகாம் வாசற் படலையோடு நின்றுவிட்டோம்.

எனக்கு வேலை கிடைத்தது. போஸ்ட்மாஸ்டர் ஐயாவின் கடிதத்தால் கிடைத்ததா, பரீட்சைப் புள்ளியால் கிடைத்ததா என்று இன்றுவரை தெரியாது. கடிதமே தேவைப்படாமலும் இருந்திருக்கலாம். அதை நினைத்தால் இன்னும் மோசமாக இருக்கிறது.

நீங்கள் அறியாத ஒன்று இருக்கிறது. அதைச் சொல்லத்தான் இவ்வளவும் எழுதினேன். அன்று கூட்டம் முடிந்ததும், எழுத்து வடிவான ஆள் என்று கூட்டறிக்கையை என்னிடம்தான் எழுதத் தந்தார்கள். நான் எழுதினேன்: "தலைவராகப் போஸ்ட்மாஸ்டர் ஐயா ஏகமனதாகத் தெரிவு செய்யப்பட்டார்." ஆரும் அப்படி எழுதச் சொல்லவில்லை. கூட்டறிக்கைகளில் அப்படித்தான் இருக்கும், அதனால் எழுதினேன். உங்கள் பெயர் அதில் இல்லை. முன்மொழிந்ததும் இல்லை. வந்தவர்கள் எல்லாரும் கீழே கையெழுத்து வைத்தார்கள். சின்னத்தம்பி அப்புவுக்கு எழுத வாசிக்கத் தெரியாது. கைநாட்டு வைக்க விரலை மையில் தோய்த்துக்கொண்டு கேட்டார்: "நான் சொன்னதையும் போட்டியோ மோனை?"

"ஓம் அப்பு, போட்டிட்டன்."

அவர் விரலை ஊன்றினார்.

போன கிழமை அவரைத் தேடிப் போனேன். கொழும்புத்துறையில் மகளோடு இருக்கிறார். காது கொஞ்சம் மந்தம். இரண்டு தரம் சொல்ல வேண்டியிருந்தது. நான் போட்டேன் என்றது பொய், உங்கள் பெயர் அதில் இல்லை, அவருடைய கைநாட்டு அதற்குக் கீழேதான் இருக்கிறது என்று பலத்த குரலில் சொன்னேன். மகள் குசினியில் இருந்து எட்டிப் பார்த்தார்.

அப்பு தன் பெருவிரலைப் பார்த்தார். "உன்னை நம்பியெல்லே வைச்சனான்," என்றார்.



"இப்ப எழுது," என்றார். "எழுதி எனக்கு வாசிச்சுக் காட்டு."

எழுதிவிட்டேன் அக்கா. ஞாயிற்றுக்கிழமை கொண்டு போய் வாசிக்கப் போகிறேன். அவருக்கு முன்னம் உங்களுக்கு. தாளில் உங்கள் பெயரை முழுதாக எழுதியிருக்கிறேன்; உங்களுக்கு அதை நான் சொல்லத் தேவையில்லை.

தலைவர் பதவிக்கு இரண்டு பெயர்கள் முன்மொழியப்பட்டன. இரண்டாவது பெயர் அட்டையில் தன் பெயர் இல்லாத, ஏழு மாதம் முகாமை நடத்திய ஒரு பெண்ணினுடையது. முன்மொழிந்தவர் வண்டில்காரச் சின்னத்தம்பி. வழிமொழிய அட்டையோடு ஒருத்தி கூட்டத்தில் இருந்தாள். அவளுக்கு மனம் இருந்தது. அவள் எழும்பவில்லை. தெரிவு ஏகமனதானது அல்ல.