சிவப்பு ஸ்பீக்கரில் பாடுகிறவள்

வீராம்பட்டினம்,
வெள்ளிக்கிழமை

மருமகள் வினோதாவுக்கு மாமியார் பச்சையம்மாள் எழுதுவது. நலமா என்று கேட்கவில்லை. நேற்று போனில் என் மகனை அதட்டினாயே, அந்தச் சத்தத்திலேயே உன் உடம்புக்கு ஒன்றுமில்லை என்று தெரிந்துவிட்டது. குவைத் ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலைக்கு இன்னும் இரண்டு வருஷத்துக்குக் கையெழுத்துப் போடப் போகிறாயாம். புருஷோத்தமன், "அவ இஷ்டம்மா" என்று சொல்லிவிட்டு வலையைப் பார்க்கப் போய்விட்டான். எனக்கு அப்படிப் போக முடியவில்லை. போனில் பேசினால் நீ நடுவில் பேசுவாய். அதனால்தான் கடிதம்.

முதலில் பாட்டு விஷயம். ஒன்றரை வயசுப் பாப்பாவை விட்டுப் போகும்போது, அது தூங்குவதற்கென்று உனக்குப் பிடித்த இயேசு பாட்டு ஆல்பங்களைப் பென் டிரைவில் ஏற்றி, சிவப்பு ஸ்பீக்கரில் செருகி வைத்தாய். அம்மன் படத்துக்கு நேர் கீழே! வேறு இடமே கிடைக்கவில்லையா? நான் மறக்கவில்லை.

புல்லாங்குழலோடு ஒரு பெண் பாடுகிறாளே, அந்த ஆல்பத்தை ஓடவிட்டுத்தான் நீ இந்த வீட்டில் முதல் மீன்குழம்பு வைத்தாய். சங்கரா மீன். புளி போடவில்லை. இன்றைக்கும் அந்தக் குழலைக் கேட்டால் என் நாக்கு சப்பென்று ஆகிவிடுகிறது.

பாஸ்டர் ஆல்பம் வேறு. பாட்டுக்கு முன்னால் பிரசங்கம், நடுவிலும் பிரசங்கம். ஆனால் எனக்கு டெங்கு வந்து கோரிமேடு ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, நீ டியூட்டி முடிந்து வந்து என் காதில் போன் பாட்டு ஒயரைச் செருகினாய். தூங்குவதுபோல் கிடந்தேன். பயப்படாதே, பயப்படாதே என்று அந்த மனுஷன் சொல்லிக்கொண்டே இருந்தார். அன்றைக்குக் கொஞ்சம் பயமாகத்தான் இருந்தது. நான் பெற்ற பாக்யலட்சுமி ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலை வைத்துவிட்டு, பஸ்ஸுக்கு நேரமாச்சு என்று ஓடினவள். அதையும் மறக்கவில்லை.

கிறிஸ்துமஸ் ஆல்பத்தைப் பாப்பா ஆடி மாசத்தில் கேட்கிறது. தெருவில் தேர் வருகிறது, என் வீட்டில் பனி பெய்கிறது. எதிர்வீட்டு அமிர்தவல்லி எட்டிப் பார்த்து, "என்னா பச்ச, ஊட்ல ஸ்டார் கட்டிட்டியா?" என்கிறாள். என் அண்டாவை இரவல் வாங்கி நசுக்கிக் கொடுத்தவளுக்குப் பாட்டைப் பற்றி என்ன பேச்சு?

போன வாரம் கரண்ட் போய் ஸ்பீக்கரும் செத்துவிட்டது. பாப்பா தூங்க மாட்டேன் என்றது. நானே பாடினேன். அது போதாதாம். "ஆயா, அய்யா பேசறதையும் பேசு" என்றது. பாஸ்டர் பிரசங்கம் முழுவதையும் சொன்னேன். கடைசியில் ஜெபத்துக்கு அழைக்கச் சொல்லி ஒரு போன் நம்பர் வருமே, அதையும் சொன்ன பிறகுதான் கண்ணை மூடியது. ஒரு எண் தப்பவில்லை. அம்மன் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். அவளிடம் நான் பேசிக்கொள்கிறேன்.

விஷயம் இதுதான். பால்வாடி டீச்சர் தாமரைச்செல்வி நேற்று என்னை நிறுத்தி, உங்க மருமக பாட்டுக்காரியா என்று கேட்டாள். "எங்கம்மா பாடும், எங்க ஊட்டுப் பெட்டியில பாடும்" என்று பாப்பா சொல்லியிருக்கிறது. வீட்டுக்கு வந்து கேட்டேன். அந்தப் புல்லாங்குழல்காரிதான் அம்மாவாம். அப்படியென்றால் போனில் தினமும் வந்து பேசுவது யார் என்றேன். "அது வினோதா" என்றது. புருஷோத்தமன் அப்படித்தானே கூப்பிடுகிறான்!

இல்லடி, பாடறவ யாரோ, வினோதாதான் உன் அம்மா என்றேன். ஸ்பீக்கரைக் கட்டிக்கொண்டு அழுதது. சொன்ன சொல்லை நான் யாரிடமும் திரும்ப வாங்கினதில்லை. நேற்று வாங்கினேன்.

எனக்கு ஆத்திரமாக இருக்கிறது. உன்மேல் இல்லை, அந்தப் பாட்டுக்காரிமேல். முகம் தெரியாத ஒருத்தி, குளிப்பாட்டாமல், சோறூட்டாமல், வெறும் குரலை வைத்துக்கொண்டு என் வீட்டில் அம்மாவாகிவிட்டாள். அவள் குரலில் பாதிகூட உனக்குக் கிடையாது. நீ பாடினால் பூனை வெளியே போய்விடும். எனக்குத் தெரியாதா?

கையெழுத்துப் போடு என்றும் சொல்லவில்லை, போடாதே என்றும் சொல்லவில்லை. போடுவதற்கு முன்னால் ஒரு தடவை வந்து, பாப்பா பக்கத்தில் படுத்து, உன் வாயால் பாடு. எந்த ஆல்பமானாலும் சரி. நான் குறை சொல்ல மாட்டேன்.

அம்மன் உன்னைப் பத்திரமாக வைத்திருக்கட்டும். உன் ஆண்டவரிடமும் ஒரு வார்த்தை சொல்லி வைத்திருக்கிறேன். இத்தனை நாள் அவர் பாட்டைப் பாடியிருக்கிறேன், எனக்காக இதைக்கூடச் செய்ய மாட்டாரா?

உன் அத்தை,
பச்சையம்மாள்