வலிச்சா விட்டுருங்க

அன்புள்ள குட்டிம்மாவுக்கு அப்பா எழுதுவது. இங்கே நான் நலம், அதாவது வலது தோளைத் தவிர மிச்சமெல்லாம் நலம். அங்கே நீயும் மாப்பிள்ளையும் வயிற்றுக்குள் இருந்து உதைக்கிறவரும் சுகமாக இருக்கிறீர்களா. போனில் சொல்லாமல் எதற்குக் கடிதம் என்று கேட்பாய். போனில் நான் ஒன்று சொல்ல ஆரம்பித்தால் நீ மூன்று கேள்வி கேட்கிறாய், நான் சொல்ல வந்ததை விட்டுவிட்டு வேறு எதையோ சொல்லி வைத்துவிடுகிறேன். தோள் சரியாகிவிட்டது என்று போன வாரம் சொன்னதும் அப்படி வாய்க்கு வந்ததுதான். சரியாகவில்லை.

முப்பது வருஷம் அண்ணாந்து நின்று சீலிங்குக்குப் பெயின்ட் அடித்த தோள், இறுகிப்போயிடுச்சு என்று டாக்டர் சொன்னதும் நீ என்ன சொன்னாய், ஆஸ்பத்திரிப் பயிற்சி, யோகா, மனசைக் கவனிக்கிற பயிற்சி, மூணையும் சேர்த்துச் செய்யுங்கப்பா, சீக்கிரம் கை வந்துடும் என்றாய். எனக்கும் அவசரம்தான். அடுத்த மாதம் விமானம் ஏற வேண்டும், பேரப்பிள்ளையைத் தூக்கக் கை வேண்டும். உன் அம்மா இருந்திருந்தால் அவள் வந்திருப்பாள், நான் இங்கே சுவருக்குப் பட்டி தேய்த்துக்கொண்டு நிம்மதியாக இருந்திருப்பேன். இப்போது நான்தான் அவளுக்குப் பதில், அதை நினைத்தாலே எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. சரி, மூன்றிலும் சேர்ந்தேன். திங்களும் வியாழனும் ஆஸ்பத்திரியில் பிசியோதெரபிப் பெண், உன் வயதுதான் இருக்கும். செவ்வாயும் சனியும் நூலகத்து மாடியில் யோகா வாத்தியார், அங்கே உன் அத்தை என்னைக் கையோடு இழுத்துக்கொண்டு போய்ச் சேர்த்தாள். தினமும் காலையில் நீ போனில் அனுப்பிய ஒலிப்பதிவு, அதில் ஒரு அம்மாள் தூக்கம் வருகிற குரலில் பேசுகிறாள்.

இதில் யார் சொல்வதை எடுத்துக்கொள்வது என்று நீயே சொல். கையைத் தூக்கும்போது மூச்சை இழுங்க என்கிறார் வாத்தியார். மூச்சை விட்டுக்கிட்டே தூக்குங்க என்கிறாள் ஆஸ்பத்திரிப் பெண். மூச்சை ஒன்றும் செய்யாதீர்கள், வெறுமனே கவனியுங்கள் என்கிறாள் போனில் இருப்பவள். இத்தனை வருஷம் அது பாட்டுக்குப் போய் வந்துகொண்டிருந்த மூச்சு, கவனிக்க ஆரம்பித்த நாளிலிருந்து முட்டுகிறது. கண்ணை மூடிக்கொண்டு எண்ணங்களைப் போக விடுங்கள் என்கிறாள், நான் ஒரு கண்ணைத் திறந்து பார்த்தால் நம் வீட்டு சீலிங் மூலையில் ரோலர் பட்ட தடம் தெரிகிறது, நானே அடித்ததுதான், அதற்கப்புறம் எந்த எண்ணம் போகும். சுவரில் விரலால் நடந்து மேலே ஏறுங்க, ஏறின இடத்துல பென்சிலால கோடு போடுங்க என்று ஆஸ்பத்திரிப் பெண் சொன்னாள். நான் அடித்த சுவரில் நானே பென்சிலால் கிறுக்குகிறேன், பார்க்கிறவர்களுக்குப் பைத்தியம் என்றுதான் தோன்றும்.

ஆனால் ஒரு விஷயத்தில் மூன்று பேரும் ஒரே வார்த்தை சொன்னார்கள், அதைத்தான் நான் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். வலிச்சா விட்டுருங்க என்றாள் ஆஸ்பத்திரிப் பெண். வலி வந்தால் வரட்டும், அதோடு சண்டை போடாமல் விட்டுவிடுங்கள் என்றாள் போன்காரி. வாத்தியார் எப்போதும் விடுங்க, விடுங்க என்பதைத் தவிர வேறு பேசுவதில்லை, அவர் மூச்சைச் சொல்கிறார் என்பது எனக்கு அப்போது எட்டவில்லை. ஆக வலியை அதன் பாட்டுக்கு விட்டுவிட வேண்டும், கை வேலையைப் பார்க்க வேண்டும் என்று எடுத்துக்கொண்டேன். பத்தொன்பது நாள் பல்லைக் கடித்துக்கொண்டு சுவரில் ஏறினேன். கோடு மேலே போகாமல் கீழே இறங்கிக்கொண்டே வந்தது. ஆஸ்பத்திரிக்குப் போகிற நாளெல்லாம் நன்றாகப் போகிறது என்றே சொல்லி வந்தேன். இருபதாம் நாள் அந்தப் பெண் தோளைத் தொட்டுப் பார்த்துவிட்டு, யாருங்கய்யா இப்படிப் பண்ணச் சொன்னது என்று கேட்டாள். நீங்கதாம்மா விட்டுருங்கன்னு சொன்னீங்க, நானும் வலியை விட்டுட்டேன் என்றேன். அவள் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். ஐயா, வலிச்சா பயிற்சியை விட்டுருங்கன்னு சொன்னேன் என்றாள். பக்கத்துக் கட்டிலில் முழங்காலுக்கு வந்திருந்த தபால்காரர் சிரித்த சிரிப்பில் அவருக்குக் கொடுத்த பயிற்சி கெட்டுப்போனது.

யோகாவுக்கும் போகிறேன் என்று அப்புறம்தான் சொன்னேன், அவளே வாத்தியாருக்குப் போன் போட்டுப் பேசினாள். தோளுக்கு வைத்தியம் நடக்குதுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அந்தக் கையைத் தூக்கவே விட்டிருக்க மாட்டேனே என்று அவர் வருத்தப்பட்டாராம். சொல்லாதது என் தப்புதான், இருபது பேர் நடுவில் நோயாளி என்று நிற்க எனக்கு வீம்பு. இப்போது இரண்டு பேரும் சேர்ந்து ஒரே காகிதத்தில் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். முதலில் படுத்துக்கொண்டு போன்காரி பேசுவதைக் கேட்க வேண்டும், பிறகு குனிந்து கையைத் தொங்கவிட்டு மெதுவாக ஆட்ட வேண்டும், பிறகு நாற்காலியில் உட்கார்ந்தபடியே வாத்தியாரின் ஆசனம், வலி எட்டிப் பார்த்தால் நிறுத்திவிட வேண்டும். வலி எப்போது எட்டிப் பார்க்கிறது என்று தெரிந்துகொள்ளத்தான் அந்தக் கவனிக்கிற பயிற்சி என்றாள் ஆஸ்பத்திரிப் பெண், அது மட்டும் கொஞ்சம் புரிந்தது. தோள் சரியாவதற்கு எத்தனை நாளாகும் என்று கேட்டேன், மாசக்கணக்காகும் என்றாள். பிள்ளை அதுவரை வயிற்றுக்குள் காத்திருக்குமா.

டிக்கெட்டைத் தள்ளிப்போடலாமா, வராமலே இருந்துவிடலாமா என்று மூன்று நாளாக மண்டையைக் குடைந்துகொண்டேன். நேற்று மூன்று கிலோ பட்டி மாவைத் துண்டில் சுற்றி, பிள்ளையைத் தூக்குவதுபோல் தூக்கிப் பார்த்தேன். உட்கார்ந்துகொண்டு இடது கையில் வைத்தால் கால் மணி நேரம் தாங்குகிறது. நின்றுகொண்டு தூக்கியபோது வலது கை சட்டென்று விட்டுவிட்டது, மூட்டை கீழே விழுந்து மாவெல்லாம் கூடத்தில் சிதறியது. அதைக் கூட்டி அள்ளுகிறபோது எனக்கு அழுகை வந்துவிட்டது குட்டிம்மா, இந்த வயதில் மாவைப் பார்த்து அழுகிறேன்.

ஆனாலும் வருகிறேன், டிக்கெட்டை மாற்ற வேண்டாம். மாப்பிள்ளை பிள்ளையின் அறைக்குப் பெயின்ட் அடிக்கப்போகிறார் என்றாய், ஜன்னலைத் திறந்து வைத்து அடிக்கச் சொல், வாசனை போகும்வரை நீ அந்தப் பக்கமே போகாதே, மாத்திரையை நேரத்துக்குப் போடு. ஒரு குறையும் இல்லாமல் நல்லபடியாகப் பெற்றுப் பிழைத்து, இருவரும் நீண்ட நாள் வாழ வேண்டும். ஒன்றே ஒன்று மட்டும் நினைவில் வை, மாப்பிள்ளையிடமும் நீயே சொல்லிவிடு, எனக்குச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. நான் உட்கார்ந்த பிறகு பிள்ளையைக் கொடு. நின்றபடி கையை நீட்டினேன் என்றால் ஆசையில் நீட்டுகிறேன் என்று வைத்துக்கொள், நான் எவ்வளவு கேட்டாலும் கொடுத்துவிடாதே.

உன் அப்பா