சிரசாசனம் வேண்டாம்

தபோவன், ரிஷிகேஷ்
மார்ச் கடைசி

அன்புள்ள மான்வியின் அப்பாவுக்கு,

ஊர்மிளா வணங்கி எழுதுவது. நானும் மான்வியும் நலம். வியட்நாமில் நீங்களும் நலமாக இருக்க நீலகண்ட மகாதேவரைக் கேட்டுக்கொண்டே இருக்கிறேன். ஃபோன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று சிரிப்பீர்கள். ஃபோனில் நான் பாதி சொல்வதற்குள் “சரி சரி, க்ளாஸுக்கு நேரமாச்சு” என்று வைத்துவிடுகிறீர்கள். கடிதத்தை அப்படி வைக்க முடியாது. அடுத்த வாரம் ஹைபோங் வரும் கண்டாரி மாஸ்டரிடம் கொடுத்தனுப்புகிறேன்.

நீங்கள் சொன்னபடியே யோகா ஆசிரியர்களுக்கான பெரிய பயிற்சியில் சேர்ந்துவிட்டேன். முதல் பயிற்சியின் சான்றிதழை மட்டும் வைத்துக்கொண்டு வெளிநாட்டில் யாரும் வேலை தரமாட்டார்கள் என்று நீங்கள் சொன்னது சரிதான். தபோவனில் கல்லை விட்டெறிந்தால் அந்தச் சான்றிதழ் வைத்திருப்பவர் மேல்தான் விழுகிறது. இதை முடித்தால் உங்கள் முதலாளி அம்மா என்னையும் வேலைக்கு எடுத்துக்கொள்வாள், மூன்று பேரும் ஒரே வீட்டில் இருக்கலாம் என்ற நினைப்பில்தான் குளிரில் எழுந்து போகிறேன்.

பெரிய பெரிய ஆசனங்களாகச் சொல்லித்தருவார்கள் என்று போனேன். அது நடக்கவில்லை. உடற்கூறு பாடம் எடுக்கும் டாக்டர் செம்வால் அம்மா முதல் வகுப்பிலேயே “காலைத் தூக்கிக் கழுத்துல போடக் கத்துக்க வந்தவங்க எந்திரிச்சுப் போகலாம், சர்க்கஸ் கம்பெனி வேற ஊர்ல இருக்கு” என்றார். எங்களுக்கு அவர் சொல்லித்தருவது, அடுத்தவர் உடம்பைப் பார்ப்பதற்கு. ஒருத்தி நடக்க வேண்டும், இன்னொருத்தி பார்த்துச் சொல்ல வேண்டும். எந்தத் தோள் உயர்கிறது, எந்தப் பாதம் வெளியே திரும்புகிறது என்பதெல்லாம். என் ஜோடி கர்னாலிலிருந்து வந்திருக்கும் சுனேனா. வாய்க்குப் பூட்டே கிடையாது. என்னை நடக்கவிட்டுப் பார்த்துவிட்டு “இவ வலது தோளு எப்பவும் சண்டைக்கு ரெடியா நிக்குது டாக்டர், புருஷன் பாவம்” என்றாள். வகுப்பே சிரித்தது. தோளில் ஒரு மாதம் வேலை இருக்கிறது என்று டாக்டரும் சொன்னார்.

இன்னொன்று. ஆசிரியர் ஆசனம் செய்து காட்டாமல், வாயால் சொல்லியே வகுப்பு நடத்த வேண்டுமாம். பரீட்சையே அப்படித்தான். எனக்கு நாக்கு வறண்டு போகிறது. செய்து காட்டுவது எவ்வளவு சுலபம் என்று இப்போதுதான் தெரிகிறது.

மான்வி சுவரில் கால் வைத்துத் தலைகீழாக நிற்கிறாள். இறங்கச் சொன்னால் “அப்பா மட்டும் நிக்கலாமா” என்கிறாள். நீங்களே கேளுங்கள். மழைக்கு முன்னால் கூரையைச் சரிசெய்துவிடுவதாக உங்கள் கூடப்பிறந்த மூத்தவர் சொல்லியிருக்கிறார். சொன்னதோடு சரி.

அந்த ஊர்க்காரர்கள் மாதிரி இரட்டைக் குச்சியால் ஒவ்வொரு கடலைப் பருப்பாகப் பொறுக்கித் தின்பேன் என்று போன வருடம் அத்தனை பீற்றிக்கொண்டீர்களே, ஞாயிற்றுக்கிழமை பேசும்போது கரண்டியால் சாப்பிட்டுக்கொண்டிருந்தீர்கள். அதற்குள் சோம்பல் வந்துவிட்டதா? ஃபோனையும் கையில் பிடிக்காமல் எங்கேயோ சாய்த்து வைத்துவிடுகிறீர்கள். பாதி நேரம் உங்கள் மோவாய்தான் தெரிகிறது. முகத்தைக் காட்டுங்கள்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள்
ஊர்மிளா


ரிஷிகேஷ்
மே மாதம்

அன்புள்ள மான்வியின் அப்பாவுக்கு,

வணக்கம். மேலே காடு எரிகிறது. ஊர் முழுக்கப் புகை. மான்விக்கு இருமல், பயப்படும்படி இல்லை. வேறு சங்கதி எதையும் எழுதும் மனநிலையில் நான் இல்லை. கோபப்படாமல் கடைசிவரை படியுங்கள்.

ஒரு ஆசிரியரின் வீடியோவைக் கொண்டுவந்து, அதில் என்ன தெரிகிறது என்று வகுப்பில் சொல்லச் சொன்னார்கள். மற்றவர்கள் பெரிய பெயர்களைத் தேடிக் கொண்டுவந்தார்கள். நான் உங்களைக் கொண்டுபோனேன். மொட்டை மாடியில், கையை ஊன்றாமல் தலையில் மட்டும் நிற்கிறீர்களே, அது. பெருமைதான், வேறென்ன. சுனேனா பார்த்ததும் “ஆளு கம்பம் மாதிரி நிக்கிறாரே, துணி காயப்போடலாம் போல” என்றாள். எனக்குக் காது வரை சிரிப்பு.

டாக்டர் சிரிக்கவில்லை. தலைகீழாக நின்றதை அவர் பார்க்கவே இல்லை. இறங்கிய பிறகு நீங்கள் கேமராவை அணைக்க நடந்து வருகிறீர்களே, அந்தத் துண்டைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டார். பிறகு என்னைப் பார்த்து, “நீ சொல்லும்மா, என்ன தெரியுது?” என்றார்.

தெரிந்தது. தெரியாமல் இருந்திருக்கலாம். கால்களை அகட்டி வைத்து நடக்கிறீர்கள், ஈரத்தரையில் நடப்பவர் போல. இடது பாதம் தரையைத் தேய்க்கிறது. அணைக்கும் பொத்தானை விரல் நுனியால் அழுத்த வரவில்லை, கையை மடக்கி விரல் முட்டியால் அழுத்துகிறீர்கள். சொல்லி முடித்த பிறகுதான் கரண்டி நினைவுக்கு வந்தது. சாய்த்து வைத்த ஃபோனும், நீங்கள் சட்டையை விட்டுவிட்டுப் பனியனிலேயே திரிவதும். சட்டை போட்டால் பொத்தான் போட வேண்டுமே.

டாக்டர் என்னைத் தனியே அழைத்து, “குனியும்போது முதுகுல கரண்ட் அடிக்கிற மாதிரி இருக்கான்னு அவரைக் கேளு” என்றார். கழுத்தெலும்பு தேய்ந்து உள்ளே நரம்புத் தண்டை நெரிக்கிறது போலிருக்கிறது, ஸ்கேன் எடுத்தால்தான் நிச்சயமாகச் சொல்ல முடியும் என்றார். அதுவரை தலையில் ஒரு பலகாரத் தட்டு அளவு பாரம்கூட ஏறக்கூடாது. ஒரு சறுக்கல், ஒரு குலுக்கல் போதும், கழுத்துக்குக் கீழே எல்லாம் நின்றுவிடும். இதை நான் கூட்டிச் சொல்லவில்லை. அவர் சொன்னது அப்படியே.

நேற்று ஃபோனில் கேட்டேன். கரண்ட் அடிக்கிறதா என்று. நீங்கள் “இல்லை” என்று சொல்ல எவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டீர்கள் தெரியுமா? பிறகு “வகுப்புல அத்தனை பேர் முன்னாடி என்னைக் கசாப்புக் கடையில தொங்கவிட்ட மாதிரி தொங்கவிட்டுட்டியா” என்று கத்தினீர்கள். அதற்கு வேண்டுமானால் என்னைத் திட்டுங்கள். ஸ்கேன் எடுத்துவிட்டு வந்து திட்டுங்கள்.

உங்கள் மூத்தவரிடம் சொன்னேன். “பொம்பளைக்குப் படிப்பு வந்தா முதல் வைத்தியம் புருஷனுக்குத்தான். பத்து வருஷமா தலைகீழா நிக்கிறவனுக்கு இவ வந்து நிக்கக் கத்துக்கொடுக்கிறா” என்றார். சாப்பாடு போட்டுவிட்டு எழுந்து வந்துவிட்டேன்.

யோகா தினத்துக்குக் கடற்கரையில் மேடை போடுகிறார்கள், அங்கே நீங்கள் நின்று காட்டினால்தான் ஒப்பந்தம் நீளும் என்கிறீர்கள். வாத்தியார் தலைகீழாக நிற்பதைப் பார்க்கத்தான் காசு கொடுக்கிறார்கள் என்கிறீர்கள். ஒப்பந்தம் போகட்டும். நாங்கள் அங்கே வராவிட்டால் போகிறது, நீங்கள் வாருங்கள். இந்த மூன்று அறைக்குள் கேழ்வரகு ரொட்டி தின்றுகொண்டு இருப்போம். நான் வகுப்பு எடுக்கிறேன், நீங்கள் மான்வியைப் பள்ளிக்கூடத்தில் விடுங்கள். ஆம்பிளைக்கு அது கௌரவக் குறைச்சல் என்றால் ஊரில் யாருக்கும் சொல்ல வேண்டாம், உங்களுக்கு உடம்பு சரியில்லை என்று நான் சொல்லிக்கொள்கிறேன். அது பொய்யும் இல்லை.

பயமாக இருக்கிறது. உங்கள் காலில் விழுந்து கேட்கிறேன், சிரசாசனம் வேண்டாம்.

ஊர்மிளா


ரிஷிகேஷ்
ஜூலை

பூபேந்தர் அண்ணாவுக்கு வணக்கம். அவரோடு அங்கே வகுப்பெடுக்கிற நீங்கள் ஆஸ்பத்திரிக்கும் வகுப்புக்குமாக அலைவதை எல்லோரும் சொல்கிறார்கள். உங்கள் கடனை எங்களால் தீர்க்க முடியாது. இந்தக் கடிதத்தைப் படமெடுத்து உங்களுக்கு அனுப்புகிறேன். அவருக்குப் படித்துக் காட்டுங்கள். ஃபோனை அவர் காதில் வைக்கிறேன் என்றீர்கள், வேண்டாம். என் குரல் நடுவில் உடைந்துவிடும். அதைக் கேட்டுக்கொண்டு அவர் அசையாமல் படுத்திருக்க வேண்டும்.

அன்புள்ள மான்வியின் அப்பாவுக்கு,

ஆபரேஷன் நன்றாக முடிந்தது என்றார்கள். தொண்டையில் குழாய் இருப்பதால் பேச முடியாதாம், காது நன்றாகக் கேட்கிறதாம், கண்ணால் ஆம் இல்லை சொல்கிறீர்களாம். அது போதும். எனக்கு விசா இன்னும் வரவில்லை. டில்லிக்குப் போய் உட்கார்ந்துவிட்டு வந்தேன், மறுபடி திங்கட்கிழமை போகிறேன். உங்கள் மூத்தவர்தான் கூட வந்தார். பஸ்ஸில் வழியெல்லாம் அழுதார். “நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தா கேட்டிருப்பான்” என்று என்னிடம் சொன்னார்.

மான்விக்கு, அப்பா வழுக்கி விழுந்துவிட்டார் என்று மட்டும் சொல்லியிருக்கிறேன். சுவர்ப் பக்கம் போவதை அவளே நிறுத்திவிட்டாள். யாரும் சொல்லவில்லை.

ஊரில் சாவன் மாதச் சிவபக்தர் கூட்டம், கங்கை நீரைக் காவடியில் தூக்கி வருகிறவர்களால் தெருவில் நடக்க முடியவில்லை. நான் பரீட்சையில் தேறிவிட்டேன். உங்கள் முதலாளி அம்மா பூங்கொத்து அனுப்பியிருந்தாளாமே, அதை அறைக்கு வெளியே வைக்கச் சொல்லிவிட்டேன். என் அனுமதி இல்லாமல் யாரும் அங்கே வந்து வீடியோ எடுக்கக்கூடாது, அண்ணா. மேடையில் விழுந்த வீடியோவையே எல்லோரும் இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

புருஷனிடம் பெண்டாட்டி கேட்க வேண்டியது நிறைய இருக்கிறது. அண்ணாவின் வாயால் கேட்க முடியாது. வந்து காதில் கேட்கிறேன். கோபமெல்லாம் அப்படியே வைத்திருக்கிறேன், குறையவில்லை, பயப்படாதீர்கள். நீங்கள் எழுந்து என்னோடு சண்டை போட வேண்டும்.

இப்போது நான் கற்றதைச் செய்கிறேன். நீங்கள்தான் என் முதல் மாணவர். அண்ணா, இனிமேல் மெதுவாகப் படியுங்கள். ஒவ்வொரு வரிக்கும் நடுவில் ஒரு மூச்சு விடுங்கள்.

கண்ணை மூடிக்கொள்ளுங்கள். எதையும் செய்து காட்ட வேண்டாம். யாரும் பார்க்கவில்லை.

உங்கள் வலது கைக் கட்டைவிரல். நினைவு அங்கே போகட்டும்.

ஆள்காட்டி விரல்.

நடுவிரல்.

மோதிர விரல். மோதிரத்தைக் கழற்றி வைத்திருப்பார்கள், பரவாயில்லை.

சுண்டுவிரல்.

உள்ளங்கை. அது என் கைக்குள் இருக்கிறது.

அசைக்க முயல வேண்டாம். கை இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். இருந்தால் கண்ணைத் திறந்து ஒருமுறை சிமிட்டுங்கள், அண்ணா எனக்குச் சொல்வார்.

சிமிட்டவில்லையென்றால், அண்ணா, எனக்கு எதுவும் சொல்ல வேண்டாம். கட்டைவிரலிலிருந்து மறுபடி படியுங்கள்.

உங்கள்
ஊர்மிளா