தலைமாட்டில் நிற்பவர்

ரொறொன்ரோ
14.2.1998

அன்புள்ள யோகாம்பிகைக்கு,

நான் சுகம். உம்முடைய முழங்கால் நோ எப்படி?

இங்கே கிரேக்கச் சங்கத்தில், அவர்களுடைய மத்தியதரைக் கடல் தீவின் பழைய படங்களைக் கொம்பியூட்டரில் ஏற்றுகிறேன். நானே புத்தகம் பார்த்துப் பழகிய வேலை. எல்லாம் ஒரு சிடியில் வரும்.

போன கிழமை சின்ன வாக்குவாதம், பயப்பட வேண்டாம். சவப்பெட்டியைச் சுற்றிக் குடும்பம் நிற்கும் படங்களைச் செயலாளர் நிக்கோஸ் ஒதுக்கச் சொன்னான்.

"உதை ஆர் பாக்கிறது?"

"வரமுடியாமல் தூரத்தில நிண்ட பிள்ளையள். எங்கட ஊரிலயும் அதுக்குத்தான் எடுக்கிறது."

நான் கதிரையை விட்டு எழும்பவில்லை. படம் கொண்டுவந்த மரியா என்ற கிழவி, "என்ர தாயைக் கடைசியாப் பாத்தது உதிலதான்" என்றாள். நிக்கோஸ் தன் வேலையைப் பார்க்கப் போனான். அந்த நாற்பத்தொரு படங்களையும் ஏற்றிவிட்டேன்.

ஆனால் என் அண்ணையின் செத்தவீட்டுப் படத்தை, நான் தாங்கமாட்டேன் என்று நீர் எட்டு மாதமாக ஒளித்து வைத்திருக்கிறீர். அது சரியில்லை. அனுப்பும். கொஞ்சம் மிளகாய்த்தூளும் வையும். படத்தின் பின்பக்கத்தில் எல்லோருடைய பெயரையும் எழுதும். தலைமாட்டில், நான் நிற்க வேண்டிய இடத்தில், யார் நிற்பது என்றும் எழுதும்.

தபாற்கந்தோர் பூட்டப்போகிறது.

உமது,
நவரத்தினசிங்கம்